மொய் நோட்டில் யார் பேர் இருக்கிறது?

அக்கா மகள் முதுகலைச் சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணி, "சித்தி, சடங்கு பத்திப் பண்ணப்போறேன். மெட்டீரியல் எங்க கிடைக்கும்?" என்றாள். எந்தச் சடங்கு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம், மதுரைக்கு மேற்கே, சடங்கு என்றால் ஒன்றுதான். கல்யாணத்துக்குக் கல்யாணம் என்று பேர் உண்டு, காதுகுத்துக்கு உண்டு, கேதத்துக்கு உண்டு. பெண்பிள்ளை வயசுக்கு வந்ததற்குச் செய்வது மட்டும் வெறும் சடங்கு.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் இருபது வருடமாக இருக்கிறேன். 'மெட்டீரியல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். அந்தச் சொல்லோடு வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கு அண்டக் கொடுக்க ஏதாவது தேடி வருகிறவர்கள். இவள் அப்படியில்லை. ஆனால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் இருந்த கோப்பு அப்படித்தான் இருந்தது. இணையத்தில் இருந்து அச்செடுத்த ஏழு கட்டுரைகள். மஞ்சள் கிருமிநாசினி, வேப்பிலை காற்றைச் சுத்தப்படுத்தும், குடிசையில் உட்கார வைப்பது ஓய்வுக்காக, எல்லாவற்றுக்கும் முன்னோர்கள் அறிவியல் காரணம் வைத்திருந்தார்கள்.

"ஏழு பேர் ஒரே மாதிரி சொல்றாங்க சித்தி" என்றாள்.

ஏழையும் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஆறில் 'கிறுமி நாசினி' என்று வல்லின றகரத்தில் இருந்தது. ஏழாவதில் யாரோ திருத்தியிருந்தார்கள். அதாவது ஏழு சாட்சி இல்லை, ஒரே சாட்சி ஏழு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். எழுத்துப்பிழையைப் பிடித்துக்கொண்டு போவது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலிருந்தே பிழைதான் எது எதைப் பார்த்து எழுதியது என்று காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கட்டுரைகளில் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், பூப்பு விழா தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்றது. எடுத்துப் பார்த்தால் கற்பியலில் வருகிற 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்' என்ற நூற்பா. பரத்தையிடம் போன தலைவன், மனைவிக்குப் பூப்பு வந்த பிறகான பன்னிரண்டு நாளும் அவளைப் பிரிந்து இருக்கமாட்டான் என்று சொல்கிற இடம் அது. கல்யாணமாகி, கணவனோடு ஊடல் கொண்டிருக்கிற பெண்ணின் மாதவிலக்கைப் பற்றியது. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதற்கும் சம்பந்தம் 'பூப்பு' என்ற ஒரு சொல் மட்டும்தான். சொல் பழசு என்பதால் விழாவும் பழசாகிவிடாது.

சொல்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் அங்கிருந்தே தொடங்கினோம். அவள் தேடியதெல்லாம் 'மஞ்சள் நீராட்டு விழா' என்ற ஒரே சொல்லில். அது அழைப்பிதழ்ச் சொல். அந்தச் சொல்லில் தேடினால் அழைப்பிதழ் அடிக்கிறவர்களின் உலகம்தான் கிடைக்கும். வயசுக்கு வந்தாள், சமைஞ்சாள், பெரியமனுசி ஆனாள், ருதுவானாள், திரண்டாள், குச்சுக்குள்ளே உட்கார்ந்தாள் என்று ஊருக்கும் சாதிக்கும் தக்கபடி வேறு வேறு பேச்சு இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் சாமத்தியம் என்பார்கள். மண்டபத்தில் நடந்தாலும் அவர்களுக்கு அது 'சாமத்திய வீடு'. டொராண்டோவிலும் லண்டனிலும் நடப்பதைத் தேட வேண்டுமானால் அந்தச் சொல் வேண்டும். ஈழத்து நூல்கள், இதழ்கள் வேண்டுமானால் 'நூலகம்' என்ற பேரிலேயே இருக்கிற இணையத்தளத்துக்குப் போக வேண்டும், நம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மட்டும் போதாது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் 'சமை' என்ற வினையின் கீழேயே இந்தப் பொருள் இருக்கிறது. சோறு சமைவதும் பெண் சமைவதும் ஒரே சொல் என்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அப்புறம் தடித்த புத்தகங்கள். அவளுடைய பேராசிரியர் வான் ஜென்னப்பைப் படிக்கச் சொல்லியிருந்தார். பிரெஞ்சில் 1909இல் வந்த நூல், ஆங்கிலத்துக்கு வர 1960 ஆகிவிட்டது. வாழ்க்கையின் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற சடங்குகளில் எல்லாம் பிரித்து வைத்தல், நடுவில் நிறுத்துதல், திரும்பச் சேர்த்தல் என்று மூன்று கட்டம் உண்டு என்றவர். விக்டர் டர்னர் ஜாம்பியாவின் இண்டெம்பு மக்களிடம் இருந்து பார்த்துவிட்டு, அந்த நடுக்கட்டத்தை மட்டும் பெரிதாக விரித்தார். நம் குடிசை, தனித்தட்டு, பதினாறாம் நாள் தண்ணீர் எல்லாம் இந்த மூன்றில் அச்சு வார்த்த மாதிரிப் பொருந்தும். எனக்கு அதுதான் உறுத்தல். கல்லூரி ராகிங், பைக் லைசென்ஸ், பிரியாவிடை விழா எல்லாமே அதில் பொருந்திவிடுகிறது. எல்லாக் கைக்கும் பொருந்துகிற வளையல் எந்தக் கையையும் பற்றி எதுவும் சொல்லாது.

ஆனால் வான் ஜென்னப் சொன்ன இன்னொன்றைப் பாடநூல்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. உடம்பு வயசுக்கு வருவதும் சமூகம் வயசுக்கு வந்ததாக அறிவிப்பதும் வேறு வேறு, இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது அபூர்வம் என்றார். எங்கள் வீட்டிலேயே பாருங்கள். அக்கா வயசுக்கு வந்தது தை மாதம். சடங்கு வைத்தது ஆவணியில். மாமாவுக்குக் கையில் காசு வரவேண்டியிருந்தது. எனக்கு ஒன்றரை வருடம் கழித்து. 'சடங்கு நடந்த தேதி' என்று எந்த ஆவணத்திலாவது பார்த்தால், அது பெண்ணின் உடம்பைப் பற்றிய தகவல் இல்லை, தாய்மாமனின் பையைப் பற்றிய தகவல்.

அதே 1909இல்தான் சென்னையில் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ரங்காச்சாரி துணையோடு ஏழு தொகுதி வெளியிட்டார். நம் பக்கத்துச் சடங்குக்கு எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். பச்சை ஓலைக் குடிசை, அதைப் பின்னால் எரிப்பது, வண்ணார் கொண்டுவருகிற மாற்றுத்துணி என்று நிறைய இருக்கிறது. ஆனால் அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதி பிரிக்கலாம் என்று நம்பியவர். பலதும் அவர் நேரில் பார்த்ததில்லை. மாவட்டக் கையேடு, மக்கள்தொகைக் கணக்கு அறிக்கை, அதிகாரிகள் எழுதி அனுப்பியது என்று சேர்த்தது. 'இந்தச் சாதியார் இப்படிச் செய்வார்கள்' என்கிற அவருடைய வாக்கியத்தில் ஊரும் இல்லை, வருடமும் இல்லை, வசதியுள்ள வீடா இல்லாத வீடா என்பதும் இல்லை. படிக்கலாம். ஆனால் 'அப்போது இப்படி இருந்தது' என்று அவரை மட்டும் வைத்து எழுதக்கூடாது.

இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் துபுவா பாதிரியார் கதை இன்னும் மோசம். அவருடைய கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் காசு கொடுத்து வாங்கியது, 1816இல் ஆங்கிலத்தில் வந்தது. முப்பது வருடம் இங்கேயே வாழ்ந்து கண்ணால் கண்டு எழுதினார் என்று நூறு வருடத்துக்கு மேல் மேற்கோள் காட்டினார்கள். சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் தோண்டிப் பார்த்து, அதில் பெரும்பகுதி புதுச்சேரி ஏசுசபைப் பாதிரியார் கேர்தூவின் பழைய கையெழுத்துப் படியில் இருந்து எடுத்தது என்று காட்டினார். ஆக, துபுவாவைக் காட்டி '1800களின் தொடக்கத்தில்' என்று எழுதுகிறவர் உண்மையில் 1770களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கலாம். "கிறுமி நாசினி மாதிரியேதான் சித்தி" என்றாள். அதேதான்.

பழைய ஆங்கில நூல்களில் இன்னொரு குழி உண்டு. பிராமணர்கள் பெண்ணை வயசுக்கு வருமுன்பே கட்டிக்கொடுத்த காலத்தில், அவள் வயசுக்கு வந்த பிறகு நடந்தது கணவன் வீட்டுக்கு அனுப்புவதோடு சேர்ந்த சடங்கு. அதையும் 'பூப்புச் சடங்கு' என்றே எழுதியிருப்பார்கள். மற்றச் சாதிகளில் நடந்தது 'எங்கள் வீட்டில் பெண் தயார், முறை மாப்பிள்ளை வரலாம்' என்ற அறிவிப்பு. பேர் ஒன்றுதான், விஷயம் தலைகீழ். இதைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது 1929இல் வந்த ஜோஷி குழுவின் அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும். பெண்ணின் சம்மத வயதை விசாரித்த குழு அது. பெண்ணுக்குத் திருமண வயது 14 என்ற சாரதா சட்டம் அதே வருடம் நிறைவேறி 1930 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் அந்தச் சாட்சிகள் எல்லாரும் ஒரு சட்டம் தலைக்கு மேல் தொங்கும்போது பேசியவர்கள். வரவேண்டும் என்றவர் கொடுமையைக் கூட்டிச் சொல்லியிருப்பார், வரக்கூடாது என்றவர் குறைத்துச் சொல்லியிருப்பார்.

நல்ல களஆய்வுகளும் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. 1980களின் கடைசியில் திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி கரின் கபாடியா எழுதியது 1995இல் வந்தது. எந்த ஊர், எந்தச் சாதி, யார் சொன்னது என்று கையைப் பிடித்துக் காட்டுகிறார். வயசுக்கு வந்த நேரத்தை வைத்துக் கணிக்கிற ஜாதகத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அம்மாவிடம் என் ருது ஜாதகத்தைக் கேட்டேன். "அது எதுக்கு இப்ப? நேரத்தை நான் அரை மணி தள்ளித்தான் சொன்னேன். நச்சத்திரம் சரியில்ல" என்றார். ஆதாரம் எப்படி உருவாகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்படியே ஒரு மாதம் போனது. ஒரு நாள் அவள், "எல்லாம் பழசாவே இருக்கு சித்தி, நவீனம்னு தலைப்பு குடுத்திருக்கேன்" என்றாள். பிறப்புக்கும் இறப்புக்கும் அரசாங்க ஏடு உண்டு, கல்யாணத்துக்குப் பதிவு உண்டு. இதற்கு மட்டும் எந்த அலுவலகத்திலும் ஒரு வரி கிடையாது. அப்போதுதான் எனக்குப் பரண் ஞாபகம் வந்தது.

அம்மா ஒரு தகரப் பெட்டியில் எல்லா மொய் நோட்டையும் வைத்திருக்கிறார். ரெண்டு குயர் நோட்டு, மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. எங்கள் ஊரில் சொத்துப் பத்திரத்துக்கு அடுத்தது இதுதான். யார் எவ்வளவு செய்முறை செய்தார்கள் என்று பார்த்துத்தான் நாளைக்கு அவர்கள் வீட்டில் திருப்பிச் செய்ய வேண்டும். அதனாலேயே இதில் பொய் எழுத முடியாது. எழுதினால் அடுத்த விசேஷத்தில் சண்டை வரும். பத்திரிகையில் பெருமைக்கு எழுதலாம், ஆல்பத்தில் சிரிப்புக்கு நிற்கலாம், மொய் நோட்டில் 11 ரூபாய் என்றால் 11 ரூபாய்தான்.

அக்கா சடங்கு நோட்டில் ஆவணி, ஞாயிறு என்று இருந்தது, வருடம் இல்லை. "இந்திரா காந்தி செத்த வருசம்" என்றார் அம்மா. அக்கா அதற்கு முந்தின வருடம் என்றாள். அம்மாவுக்கு ஊர்ப் பெரிய சம்பவங்களோடு எல்லாவற்றையும் முடிச்சுப் போடுகிற பழக்கம். மொய் என்பது இரண்டு பக்கமும் எழுதுகிற கணக்கு ஆயிற்றே என்று, பக்கத்து ஊரில் இருக்கிற சின்ன மாமா வீட்டு நோட்டைக் கேட்டு வாங்கினோம். அவர்கள் வெளியே செய்ததையும் தேதி போட்டு எழுதி வைக்கிற வீடு. அக்கா சொன்னதுதான் சரி, 1983. ஒருவர் ஞாபகத்தை இன்னொருவர் ஞாபகத்தால் சரிபார்த்தால் பிடிவாதக்காரர் ஜெயிப்பார். நோட்டால் சரிபார்க்க வேண்டும்.

மூன்று நோட்டையும் அவள் கணினியில் ஏற்றினாள். ஊர்வாரியாக, பங்காளி, மாமன் மச்சான் வரிசையாக இருந்தது. பெண்கள் தனியாக வந்து மொய் எழுதினாலும் கணவன் பேரில், கணவன் இல்லையென்றால் மகன் பேரில். பெண் பேரில் இருந்தது ஒரே ஒரு வரி, எங்கள் பள்ளிக்கூட டீச்சர். கடைசிப் பக்கங்களில் செலவுக் கணக்கு. சமையல், பந்தல், மைக் செட். அதன் கீழே, சாதிப் பேரால் மட்டும் குறித்து, 'துணி வகை, நெல் ஒரு மரக்கால்'. அது எங்கள் ஊரில் வெளுத்துக் கொடுத்த அம்மா. முதல் தண்ணீர் ஊற்றியதும் கட்ட மாற்றுச்சேலை கொண்டுவந்தவர், கட்டியிருந்த துணியை எடுத்துப்போனவர். அவர் இல்லாமல் அந்தச் சடங்கு தொடங்கவே தொடங்காது. உறவாக இல்லாமல் செலவாகத்தான் அவர் பதிவாகியிருக்கிறார். என் நோட்டில், ஏழு வருடம் கழித்து, அந்த வரியே இல்லை. அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது. சடங்கு மாறிவிட்டது என்று பொதுவாகப் புலம்புகிறவர்களைவிட, காணாமல் போன அந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொன்னது.

இப்போது எங்கள் பக்கம் மொய்யைக் கணினியில் அடித்து, வந்தவருக்கு ரசீது கொடுக்கிறார்கள். தேடுவதற்கு வசதி. ஆனால் அடித்துத் திருத்தியது தெரியாது. கையால் எழுதிய நோட்டில் ஒரு பெரியப்பா பேரில் 21 என்று எழுதி அடித்து 51 ஆக்கியிருந்தது. எழுதுகிற மேசையிலேயே ஏதோ பேச்சு நடந்திருக்கிறது.

என் சடங்கு 1990இல். வீடியோ எடுத்தார்கள், அப்போது அது பெரிய விஷயம். பூஞ்சை பிடித்த கேசட்டைக் கொடுத்து மாற்றி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். நான் பச்சைத் தாவணி கட்டியிருந்தேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரையில் அரக்குக் கலர். சரி, என் ஞாபகத்தை நானே நம்பக்கூடாது என்று விட்டுவிட்டேன். ஆனால் வீடியோவையும் முழுக்க நம்ப முடியவில்லை. மாமா மாலை போடுகிறார், ஒரு நொடி கழித்து மறுபடியும் போடுகிறார். இடையில், "லைட்டு வரல, இன்னொரு வாட்டி போடுங்க" என்று குரல் கேட்கிறது. அப்புறம் மாமா கேமராவைப் பார்த்துக்கொண்டே போடுகிறார், என்னைப் பார்க்கவே இல்லை. நடந்ததைக் கேமரா பதிந்ததா, கேமராவுக்காக நடந்ததா என்று எப்படிப் பிரிப்பது? இன்றைக்குப் பல்லக்கு, குதிரை வண்டி, மேலே சுற்றுகிற டிரோன் என்று வருகிற வீடியோக்களில் பாதிக்கு மேல் வீடியோக்காரர் இயக்கியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நவீனச் சடங்கில் குருக்கள் அளவுக்கு அவரும் ஒரு ஆள். அவரையும் பேட்டி எடு என்றேன். எடுத்தாள். தாய்மாமன் தட்டு வரிசை எந்த மூலையிலிருந்து வரவேண்டும் என்பதை முடிவு செய்வதே அவர்தானாம்.

யூடியூபில் கிடைக்கிற வீடியோக்களில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பொதுவெளியில் போட்டிருக்கிறார்கள், எடுக்கலாம் என்றாள். போட்டது அப்பா அம்மா, முகம் பன்னிரண்டு வயசுப் பிள்ளையுடையது என்றேன். கடைசியில் எந்த வீடியோவுக்கும் இணைப்புக் கொடுப்பதில்லை, பேர் ஊர் எழுதுவதில்லை, பார்த்ததை மட்டும் விவரிப்பது என்று முடிவானது. அவள் வழிகாட்டி முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார்.

செய்தித்தாள்கள் இதைப் பொறுத்தவரை விநோதமான சாட்சி. ஆடம்பரமாக நடந்தால் செய்தி, ஆள் செத்தால் செய்தி. 2018 நவம்பரில் கஜா புயலின்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வெளியே குடிசையில் தனியாக வைக்கப்பட்டிருந்த சிறுமி, தென்னை சாய்ந்து இறந்துபோனாள். அதுவரை 'குடிசையெல்லாம் அந்தக் காலம், இப்போது பேருக்கு நாலு ஓலை சாத்துகிறார்கள்' என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் வீட்டைச் சுற்றி இருப்பதை வைத்துச் சொன்னது அது. இடையில் உள்ள ஆயிரக்கணக்கான சாதாரணச் சடங்குகள், கடன் வாங்காமல் நாலு பேரைக் கூப்பிட்டுச் செய்தது, செய்யாமலே விட்டது, எந்தத் தாளிலும் வராது. செய்யாதவர்களை எப்படித் தேடுவது என்று அவள் கேட்டாள். பள்ளி வருகைப் பதிவேட்டைச் சொன்னேன். எங்கள் காலத்தில் ஏழாவது எட்டாவதில் பெண்பிள்ளை பேருக்கு நேரே பதினாறு நாள் தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்தால் எல்லாருக்கும் தெரியும். விழாமலே வந்தவர்களும் அதில் தெரிவார்கள். பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேட்டுப் போன ஒரு பள்ளியில், பழையதையெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள்.

மூன்று மொய் நோட்டையும் கணினியில் ஏற்றி முடித்த அன்று ராத்திரி அவள் போன் பண்ணினாள். "சித்தி, ஒண்ணு கவனிச்சீங்களா? நோட்டு அட்டையில தாத்தா பேரு போட்டு 'மூத்த மகள் சடங்கு'ன்னு இருக்கு. உள்ள எங்கயுமே அம்மா பேர் இல்ல." போய்ப் பார்த்தேன். என் நோட்டிலும் 'இளைய மகள்'தான். தர்ஸ்டன் முதல் எங்கள் அப்பா வரை யாருக்கும் அந்தப் பேர் தேவைப்படவில்லை.

அதனால் என் அம்மாவைப் பேட்டி எடுப்பது என்றானது. அவருடைய சடங்கு 1963 வாக்கில். நோட்டு, பத்திரிகை, படம் எதுவும் இல்லை. அவள் போனைப் பதிவில் போட்டு நடுவில் வைத்துவிட்டு, "அம்மாச்சி, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றாள். அம்மா நாற்பது நிமிடம் பேசினார். உளுந்தங்களி எப்படிக் கிண்டுவது, நல்லெண்ணெய் எவ்வளவு குடிக்கச் சொன்னார்கள், எந்த அத்தை முதல் தண்ணீர் ஊற்றினார், கிடாய் எத்தனை, யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனது. எல்லாம் மற்றவர்களைப் பற்றி.

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு அம்மாச்சி?"

அம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் போனைப் பார்த்தார். "அதை அமத்து" என்றார்.

அமர்த்தினாள். ஒரு பத்து நிமிடம் இருக்கும், அம்மா சொன்னார். இத்தனை வருடத்தில் என்னிடமும் அக்காவிடமும் சொல்லாதது. முடித்துவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தபோது, "அம்மாச்சி, இதை எழுதலாமா? பேர் போடமாட்டேன்" என்று கேட்டாள்.

"வேணாம் கண்ணு. நீ கேட்டியேன்னு சொன்னேன்."

ஆய்வேட்டில் அந்த நாற்பது நிமிடம் மட்டும் இருக்கிறது. வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பேட்டி அந்த இடத்தில் ஏன் சட்டென்று நிற்கிறது என்று கேட்டாராம். பதிவு அங்கேதான் முடிகிறது சார் என்றிருக்கிறாள்.